தென்காசியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு: வீடு எங்கே பார்ப்பது, ஊர் எப்போது ஒட்டும்?

தென்காசித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 27. சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது, ஐப்பசியில் சேர வேண்டும். ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. மனைவி பி.எட். முடித்தவர், பொங்கல் கழிந்து வருவார், அவருக்கும் இங்கே வேலை தேட வேண்டும். எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, கையில் எவ்வளவு பணம் வேண்டும், இந்த ஊர் எங்களுக்கு ஒட்டுமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வழிக்கு வரும். தம்பி, சென்னை ஒருவருக்கு ஒட்டுவதும் ஒட்டாததும் அவருடைய சாயங்காலத்தைப் பொறுத்தது. பகல் எப்படியும் ஆபீசுக்குப் போய்விடும், இரவு தூக்கத்துக்கு. ஒரு ஊரில் நடந்து திரிவதும், கடைக்காரரிடம் நின்று பேசுவதும், மாடியில் துணி எடுக்கும்போது பக்கத்து வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசுவதும் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள்தான். அந்த நேரம் பஸ்ஸில் கழிந்தால், பத்து வருஷம் இருந்தாலும் நீங்கள் வெளியூர்க்காரராகத்தான் இருப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம். மாதம் 22 வேலை நாளுக்கு 66 மணி நேரம். போக அரை மணி, வர அரை மணி என்றால் 22 மணி நேரத்தோடு முடிந்துவிடும். மிச்சம் 44 மணி நேரம். தூரத்தில் வாடகை மூவாயிரம் குறைவு என்று சொல்வார்கள். அந்த மூவாயிரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை இந்த 44 மணி நேரம்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். 2006-இல் கிண்டிப் பக்கம் வேலைக்கு வந்தேன். வாடகை குறைவு என்று தாம்பரத்துக்கு மேற்கே, ஸ்டேஷனிலிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் வீடு எடுத்தேன். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தேன், அப்போது அதுதான் வழக்கம். வீட்டுக்கு வந்து சேர எட்டரை ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வண்டி ஏறிவிடுவேன். ஒரு வருஷம் முடிந்தபோது அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. வீட்டைக் காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று சொல்லி இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்த்துக் கேட்க என் கையில் ஒரு காகிதமும் இல்லை, துணைக்கு வந்து நிற்க ஆளும் இல்லை.

அப்புறம் குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு எடுத்தேன். தினமும் அதே மின்சார ரயில், அதே பெட்டி. இரண்டே மாதத்தில் எனக்கு இடம் போட்டு வைக்க ஆள் இருந்தது. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு மாலை கட்டி, பொரி கடலை பங்கிட்டுக்கொள்ளும் கூட்டம் அது. எனக்கு அடுத்த வீட்டைப் புரோக்கர் இல்லாமல் பிடித்துக் கொடுத்தவர் அந்தப் பெட்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வந்தவர். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்தபோதும் அவர்தான் கூட வந்தார். அதனால்தான் சொல்கிறேன், ரயிலில் போகிற பத்துக் கிலோமீட்டரும் ரோட்டில் போகிற பத்துக் கிலோமீட்டரும் ஒன்றல்ல. ரயிலில் படிக்கலாம், பேசலாம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்றும் தெரியும்.

உங்கள் சிக்கல் என்னவென்றால், சோழிங்கநல்லூருக்கு ரயில் கிடையாது. ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை நடந்துகொண்டிருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிற பாதை அது. அது முடிந்தால் கதையே மாறும். அதுவரை ரோடுதான், அதுவும் தடுப்புப் போட்டுக் குறுகின ரோடு.

ஆகவே முதல் யோசனை: ஊரில் உட்கார்ந்துகொண்டு போட்டோ பார்த்து வீடு எடுக்காதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் இருக்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் சாவியை அனுப்புகிறேன்" என்று பேசி ஏமாற்றுகிறவர்கள் நிறைய. நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பொங்கல் வரை நீங்கள் தனி ஆள்தானே. ஆபீசிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பிஜியில், அதாவது சாப்பாட்டோடு தங்குகிற விடுதியில், கட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும், பரவாயில்லை. அந்த இரண்டு மூன்று மாதத்தையும் வீடு பார்க்கவென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஐப்பசியில் வருவது நல்லதாகப் போயிற்று. நம்ம பக்கம் ஆனி ஆடியில் சாரல் என்றால், சென்னைக்கு மழை ஐப்பசி கார்த்திகையில்தான். இந்த ஊரில் வீடு பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. பங்குனி சித்திரையில் பார்த்தால் எல்லாத் தெருவும் காய்ந்து அழகாக இருக்கும். எது பள்ளம், எது மேடு என்று மழைதான் காட்டிக்கொடுக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் "தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீர்கள், நிக்காது என்றுதான் சொல்வார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம், "2015-ல இங்க எவ்வளவு வந்துச்சு? 2023-ல எவ்வளவு?" என்று கேளுங்கள். முட்டி, இடுப்பு, மார்பு என்று அளவு சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இந்த ஊர் மறக்காத இரண்டு கணக்கு. சுவரில் கறை கோடு போட்டிருக்கிறதா, பக்கத்து வீடுகளில் வாசல்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். யாரும் காரணமில்லாமல் படியை உயர்த்துவதில்லை.

உங்கள் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றித்தான் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் இருக்கின்றன. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்கிற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும். 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே அதன் பெரும்பகுதி ரோடாகவும் கட்டடமாகவும் குப்பைக் கிடங்காகவும் மாறிவிட்டது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும். இந்தப் பகுதிகளில் தரைத்தளம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் மாடி எடுங்கள். பைக்கை நிறுத்த மேடான இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது குடிக்கிற, குளிக்கிற தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு முதலில் இடிக்கிற இடம் இதுதான். வீடு பார்க்கும்போது மூன்று தண்ணீரைப் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) குழாயில் வருகிறதா, போர் தண்ணி உப்பா, லாரி வாங்குகிறார்களா. கடலோரம் என்பதால் போர் பல இடங்களில் உப்பு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் ஒன்றும் 2024-இல் இன்னொன்றும் வந்தன. இருந்தும் ஓஎம்ஆரில் பல அபார்ட்மென்ட்கள் இன்னும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே வாடகையோடு மெயின்டனன்ஸ் என்று தனியாக வாங்குவார்கள். கோடையில் லாரி அதிகமானால் அதுவும் ஏறும். போன மே மாதம் மெயின்டனன்ஸ் எவ்வளவு கட்டினார்கள் என்று, காலி செய்துவிட்டுப் போகிறவரிடமே கேட்டுவிடுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வருஷம் ஓஎம்ஆரில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆட்களிடம் சொன்ன கம்பெனிகள் உண்டு. குடிக்கக் கேன் தண்ணி வாங்குகிறவர்கள்தான் அதிகம். மாடியில் வீடு என்றால் கேனைப் படியேறிக் கொண்டுவந்து வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எந்தப் பகுதி? சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், செம்மஞ்சேரி, நாவலூர் எல்லாம் ஆபீசுக்கு அருகில். ஆனால் அங்கே பெரும்பாலும் பெரிய அபார்ட்மென்ட்கள், வாடகை கூடுதல், காய்கறி வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டிய இடங்கள் பல. வேளச்சேரியில் பறக்கும் ரயில் (பாலத்தின் மேல் ஓடுகிற மின்சார ரயில்) இருக்கிறது, ஊருக்குள் போய்வர வசதி, ஆனால் வாடகை அதிகம், சில தெருக்கள் பள்ளம். தாம்பரம், சேலையூர் பக்கம் நம்ம ஊர்க்காரர்கள் நிறைய, தெற்கே போகிற ரயில்கள் நிற்கும், ஆனால் உங்கள் ஆபீசுக்குத் தினமும் மேடவாக்கம் வழியாக ரோட்டில் போய்வருவது உடம்புக்கு ஆகாது. நடுவில் இருக்கிறது மேடவாக்கம். சோழிங்கநல்லூர் சந்திப்பிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் பஸ் உண்டு, ஷேர் ஆட்டோ உண்டு, மளிகை, காய்கறி, மாவு, மெஸ், ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரத்தில். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேடவாக்கத்தில் மேடான ஒரு தெருவில் முதல் மாடி பார்ப்பேன்.

அதற்கு முக்கியக் காரணம் உங்கள் மனைவி. கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது அவர்தான். உங்களுக்கு வந்த முதல் நாளே ஆபீசில் நாற்பது பேர் அறிமுகமாகிவிடுவார்கள். அவருக்கு வேலை கிடைக்கும் வரை நான்கு சுவரும் ஒரு போனும்தான். புதுப்பெண், புது ஊர், பகல் முழுக்கத் தனிமை. நான் பார்த்த வரையில், கல்யாணமாகி இங்கே வந்த பிள்ளைகள் முதல் வருஷம் அழுததெல்லாம் இதனால்தான், புருஷன் கெட்டவன் என்பதால் அல்ல. ஆகவே வீட்டை அவர் காலுக்குப் பாருங்கள். வாசலில் இறங்கினால் நடந்து போக ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு பஸ் ஸ்டாப் இருக்க வேண்டும். பதினைந்து மாடி அபார்ட்மென்டின் நீச்சல் குளத்தைவிட இது அவருக்குப் பெரிது. டீச்சர் வேலைக்கும் மேடவாக்கம், பள்ளிக்கரணை, தாம்பரம் வட்டாரத்தில் தனியார் பள்ளிகள் நிறைய. அவர்கள் வரும் கல்வியாண்டுக்கு ஆள் எடுப்பது மாசி, பங்குனியிலேயே தொடங்கிவிடும். பொங்கல் கழிந்து வருவது அதற்குத் தோதாக இருக்கும், சர்ட்டிஃபிகேட்டுகளை எல்லாம் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கையில் காசு இருக்கிறதோ இல்லையோ, அவர் ஊரைச் சுற்றலாம். முதல் இரண்டு முறை நீங்கள் கூடப் போங்கள், மூன்றாவது முறை அவரே போகட்டும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2010-இல் திறந்தது. பறக்கும் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. டெட், டிஆர்பி என்கிற ஆசிரியர் தேர்வுகளுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடிப்பார்கள். உங்கள் மனைவிக்குத் தோழிகள் கிடைக்க நான் அறிந்த நல்ல இடங்களில் அது ஒன்று. ஒரே தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு வாரத்தில் டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இனிப் பணம். வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத அட்வான்ஸ் 45,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000, முதல் மாத வாடகை 15,000. ஆயிற்று 75,000. வேன் கூலி, கேஸ் அடுப்பு, ஃபேன், பக்கெட், பாய் தலையணை என்று ஒரு 25,000. முதல் சம்பளத்தைத் தொடும் முன்பே ஒரு லட்சம் போய்விடும். மாதக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தால் சில கம்பெனிகளில் முதல் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான் வரும், எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது போக இரண்டு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். நகையை அடகு வைத்து வர வேண்டாம். பிஜியில் இருக்கும் மாதங்களில் மிச்சம் பிடித்து, அதன்பிறகு வீடு எடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் நான் பட்ட பாடு நீங்கள் பட வேண்டியதில்லை. 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் ஐந்து மாதம், ஆறு மாதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் பேசிச் சண்டை போடாமல், "மூணு மாசம்னா நாளைக்கே தர்றேன் சார்" என்று சொல்லிப் பாருங்கள், பலர் இறங்கி வருவார்கள். பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குடிவந்த அன்று சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். என்னிடம் 2007-இல் இல்லாத காகிதம் அதுதான்.

கரண்ட் மீட்டர் தனியா, சப் மீட்டரா என்று கட்டாயம் கேளுங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்த இலவசம் உங்களுக்கு வராது, மாதம் சில நூறு ரூபாய் அதில் போகும். தனி மீட்டரிலும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும். சித்திரை வெயிலில் ஏசி போடும்போது இது நினைவில் இருக்கட்டும். ரேஷன் கார்டு, கேஸ் மாற்றுவதெல்லாம் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில் முடிந்துவிடும். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் போதும்.

ஒரு விஷயம் நம்ம பக்கத்து ஆட்களுக்கு மட்டும் சொல்வது. சென்னையில் மளிகைக் கடைக்குப் பேரே அண்ணாச்சி கடை. திசையன்விளை, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து கடை போட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். நீங்கள் வாயைத் திறந்த உடனே "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்கள். எந்த வீடு காலியாகிறது, எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவதில் தங்கமானவர், எந்தத் தெருவில் மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிறது எல்லாம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பிஜியில் இருக்கும் நாட்களிலேயே சனி, ஞாயிறு சாயங்காலம் மேடவாக்கத்தில் இரண்டு மூன்று கடைகளில் போய் நின்று பேசுங்கள். ஆப்பில் நூறு வீடு பார்ப்பதைவிட அது பலன் தரும். குடிவந்த பிறகும் அதே கடையில் வாங்குங்கள். உங்கள் மனைவிக்குப் பகலில் ஏதாவது அவசரம் என்றால் ஓடி வருவது அந்தக் கடைப் பையனாகத்தான் இருக்கும்.

ஊருக்குப் போவது பற்றி. பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும், அங்கே ஏறிக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும். இந்தத் தீபாவளிக்கு இனி டிக்கெட் கிடைப்பது கஷ்டம். பொங்கலுக்கு நவம்பர் நடுவில் காலை ஏழே முக்காலுக்கே தயாராக உட்காருங்கள். அரசுப் பஸ் என்றால் தெற்கே போவதெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தில்தான், கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். ஆனால் முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அம்மா வருத்தப்படுவார்கள், தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடினால் சனி, ஞாயிறு இரண்டும் வண்டியில் போய்விடும். அதற்குப் பதில் அம்மா, அப்பாவை இங்கே வரச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பத்து நாள் தங்கினால் எதிர் வீடும் பக்கத்து வீடும் தானாகப் பழக்கமாகிவிடும். நமக்கு ஆறு மாதமாகும் அறிமுகத்தை அவர்கள் திண்ணைப் பேச்சில் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள்.

வீடு ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வேலை நாளில் காலை எட்டரைக்கு அந்த வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் வாசல் வரை போய்ப் பாருங்கள், சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பியும் வாருங்கள். எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்குள் வந்தால் சரி. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மனைவியை ரயிலேறி வரச் சொல்லி, அந்தத் தெருவை ஒரு தடவை நடந்து பார்க்க வையுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு டோக்கன் கொடுங்கள்.